கார், காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), புல்வெட்டி மூன்றுக்கும் ஒரே எஞ்சின் ஆயில் போதுமா?

போதாது. பினாங்கில் இந்த மூன்றும் இருக்கும் வீடுகள் நிறைய, அதனால் கேள்வி நியாயமானதுதான்.

உலோகப் பாகங்கள் உரசித் தேயாமல் காத்து, சூட்டையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வதுதான் எஞ்சின் ஆயில். காரில் அதன் வேலை எஞ்சினோடு சரி. காப்சாயிலோ கியரும் கிளட்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ப்பார்கள். கிளட்சுக்குப் பிடிப்பு வேண்டுமே! எண்ணெய்க் கையால் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள், அந்தக் கதைதான். கிளட்ச் வழுக்கினால், பினாங்கின் ஆயர் ஈத்தாம் மேட்டில் எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA, மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்றிருந்தால் காப்சாய்க்கு ஆகும்.

டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி தனி ரகம்: ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்தே போகும், அதற்கென்று உள்ளதைத்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம், விலை உயர்ந்த 'ஃபுல்லி சிந்தெடிக்' எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது தப்பு. அந்தச் சொல் எண்ணெய் தயாரான விதத்தைச் சொல்கிறது, கிளட்ச் பிடிக்குமா என்பதை அல்ல.