சராசரிக்குள் ஒளிந்த பிள்ளை

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. இங்கே ஆங்கில மொழிமூலப் பள்ளியில் படிக்கிறான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்று டொக்டர் சொன்ன பிறகு கொழும்பில் விஸ்க்-5 என்ற, பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் சோதனை எடுத்தோம். மொத்த ஐ.கியூ. 121. பிரித்துப் பார்த்தால் மொழியறிவு 134, தர்க்கம் 129, செயற்படு நினைவாற்றல் (கேட்டதை மனதில் வைத்துக் கையாள்வது) 94, வேகம் 86. கற்றல் அடைவுச் சோதனையில் வாசிப்பு 124, எழுத்து 92. ‘எழுத்து சராசரிதானே, பையனுக்குச் சோம்பல்’ என்கிறார் டீச்சர். எதை நம்புவது?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: தங்கச்சி, அந்த 121ஐ முதலில் ஓரமாக வையுங்கள். 134க்கும் 86க்கும் இடையே 48 புள்ளி இருக்கிறது. சராசரி 100, திட்ட விலகல் (எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 15 என்று அமைந்த சோதனையில் இது பெரிய பள்ளம். நானுஓயாக் குளிரையும் கொழும்பு வெக்கையையும் கூட்டி இரண்டால் வகுத்து யாராவது ஸ்வெட்டர் வாங்குவார்களா?

வேகத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒரு பகுதியில், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும். இரண்டு நிமிடத்துக்குள் அந்தக் குறிகளைப் பென்சிலால் வரிசையாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். புத்திசாலித்தனத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வெளியே பஸ் ஹோர்ன் அடித்தால் உங்கள் மகனுக்கு ஒரு வரிசை போச்சு! ஏ.டி.எச்.டி. உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேயும் நினைவாற்றலிலும்தான். இரண்டையும் விட்டுக் கணக்கிடும் ஜி.ஏ.ஐ. என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக 86ஐ மறந்துவிடவும் கூடாது. பரீட்சை மண்டபத்தில் அவன் அதோடுதான் உட்காருகிறான்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் எடுத்த மொழியறிவுச் சோதனையில் 134 எடுத்திருக்கிறான் என்றால், உண்மைத் திறன் அதற்கும் மேலே இருக்கலாம்.

அப்புறம், எழுத்தில் வந்த 92 நூற்றுக்கு 92 அல்ல. அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரில் சுமார் 30 பேரைத் தாண்டியிருக்கிறான், அவ்வளவுதான். டீச்சர் பக்கத்து மேசைப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார். நீங்கள் அவனுடைய 134ஓடு ஒப்பிடுங்கள். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தை மட்டும் காட்டி ஏ.டி.எச்.டி. என்று யாரும் முடிவு கட்டவும் முடியாது. வீட்டிலும் பள்ளியிலும் அவன் நடந்துகொள்ளும் விதத்தை விசாரித்தாரா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

இந்த வாரம் ஒரு கட்டுரையை அவன் வாயால் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். அதே அளவு தலைப்பொன்றை அவனே கையால் எழுதட்டும். இரண்டு தாளையும் டீச்சரிடம் கொடுத்து, பரீட்சையில் கூடுதல் நேரம் கேளுங்கள்.