கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ கிணற்றுத் தண்ணீர் போதுமா?

திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் டி-76 டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) கரைத்து ஃபிலிம் டெவலப் செய்கிறேன். படம் நன்றாகவே வருகிறது. ஆனால் காய்ந்ததும் நெகட்டிவ்வில் வெள்ளைப் புள்ளிகள். டெவலப்பர் பழுதா, தண்ணீர் பழுதா? எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கக் கட்டுப்படியாகாது."

டெவலப்பரைச் சந்தேகிக்க வேண்டாம். படம் சரியாக விழுந்திருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது. புள்ளி வருவது கடைசித் தண்ணீரில். ஃபிலிமில் தங்கிய துளி ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கல்சியமும் உப்பும் அதே இடத்தில் படிந்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளியை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். அதே வெள்ளை வளையம் தெரியும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் கல்சியத்தில் ஒரு பகுதி அடியில் படியும், உண்மைதான். உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும்.

நல்ல தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்தது, வேண்டியது முதலில் டெவலப்பருக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும்தான். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்குச் சிறிய டாங்கில் சுமார் 300 மி.லீ. போகும். டி-76ஐ 1+1 ஆக (கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு) கலந்தால், கரைசலுக்கும் கடைசி அலசலுக்குமாகச் சேர்த்து 600 மி.லீ. போதும். இந்தச் செலவை மிச்சம்பிடிக்கக் கூடாது.

டெவலப்பரில் ஏன் நல்ல தண்ணீர்? கோடையில் கடலோரக் கிணறு சவர் ஏறும், மாரியில் இறங்கும். உப்பு கூடினால் ஃபிலிமிலுள்ள வெள்ளி ஹேலைடுத் துகள் (ஒளியை உணரும் வெள்ளிச் சேர்மம்) சற்றுக் கரைந்து ஃபிலிமின் வேகம் (ஒளியை உணரும் திறன்) குறையும். ஒரே நேரம், ஒரே வெப்பநிலை வைத்தும் ரோலுக்கு ரோல் மாறினால் எதைத் திருத்துவது? எக்ஸ்டால் என்ற டெவலப்பரைப் பாவிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் உள்ள இரும்பு அதைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடும்.

ஸ்டாப் பாத் (டெவலப்பரை நிறுத்தும் அமிலக் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), கழுவல் மூன்றுக்கும் நகரக் குழாய்த் தண்ணீர் தாராளமாகப் போதும். கிணற்றுத் தண்ணீரென்றால் மண், துரு வராமல் பருத்தித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். சவரைப் பற்றி இங்கே பயம் வேண்டாம். கடல்நீர்கூட நன்னீரைவிட வேகமாக ஹைப்போவை (ஃபிக்ஸர் மருந்தை) வெளியேற்றும். ஆனால் அந்த உப்பு ஃபிலிமில் தங்கக் கூடாது, அதனால்தான் கடைசி அலசல் அவ்வளவு முக்கியம்.

அதற்கு 300 மி.லீ. காய்ச்சி வடித்த தண்ணீரில் 1.5 மி.லீ. போட்டோ-ஃப்ளோ 200 (தண்ணீர் துளியாகத் தங்காமல் வழியவைக்கும் திரவம்) விட்டு, ஒரு நிமிடம் ஊறவைத்துத் தொங்கவிடுங்கள். அதிகம் விட்டால் எண்ணெய்ப் பிசுக்குப் போல கறை விழும். விரலால் வழிக்கவே வேண்டாம், ஈரமான ஜெலட்டின் கீறிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரைப் பற்றரிக் கடையில் வாங்கினால் லேபிளைப் பாருங்கள், பக்கத்திலேயே அமிலமும் விற்பார்கள். போத்தல் குடிதண்ணீரிலும் தாது உப்பு உண்டு, இதற்குச் சரிவராது.

அப்புறம், வெப்பம். நம்மூர்த் தண்ணீர் 28 பாகையைத் தாண்டும். டெவலப்பரை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 முதல் 24 பாகைக்குள் கொண்டுவந்து, நேரத்தை அட்டவணைப்படி குறையுங்கள். மற்றக் கரைசல்களும் கழுவும் தண்ணீரும் அதற்கு நெருக்கமாகவே இருக்கட்டும்.

ஏற்கெனவே புள்ளி விழுந்த நெகட்டிவ்களை எறியாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மேலே சொன்னபடி அலசிக் காயவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் அது கல்சியப் படிவு. புதிய அசிட்டிக் அமில ஸ்டாப் பாத்தில் இரண்டு நிமிடம் வைத்து நன்றாகக் கழுவினால் கரையும். கடைசி அலசலை மறுபடியும் செய்ய வேண்டும்.