பழைய மாருதி 800: பிரேக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு மாருதி 800 உள்ளது. பிரேக் பெடல் முதல் மிதியில் மிகவும் கீழே போகிறது; இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது. பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பலமுறை மிதித்து மேலே வந்த பெடல் பஞ்சுபோல் நெகிழ்ந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. கெட்டியாக நின்றால், பின்சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பில், டிஸ்க்கைப் பிடிக்கும் பேடை மட்டும் பார்த்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றாமலே வண்டியை அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. அடுத்து, பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். அது மெல்ல இறங்கிக்கொண்டே போய், வெளியில் எங்கும் கசிவும் இல்லையென்றால்தான் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் போய்விட்டன என்று கொள்ளலாம். டிரம்மைக் கழற்றும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையையும் விலக்கி, கசிவு உண்டா என்று பாருங்கள். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவி மாட்டக் கூடாது. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும்.

கேள்வி: பிரேக் ஆயில் குறையும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டே வருகிறேன். அது போதுமா?

பதில்: போதாது. பேட் தேயத் தேய அளவு மெதுவாக இறங்கும். வேகமாக இறங்கினால் கசிவு இருக்கிறது. காரணம் தெரியாமல் ஊற்றுவது எச்சரிக்கையை மறைப்பதாகும்.

கேள்வி: பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடச் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை.

பதில்: வலப்பக்கத்தைப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒழுங்காகப் பிடிப்பதால்தான் வண்டி அங்கே போகிறது. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் வலது காலிப்பரின் பிஸ்டனும், காலிப்பர் நகரும் பின்களும் துருவேறி இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்.

கேள்வி: வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கினோம். அடிவாரத்தை நெருங்கியபோது பெடல் தரையைத் தொட்டது. சற்று நிறுத்தி வைத்த பின் சரியாகிவிட்டது. ஏன்?

பதில்: பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 தரப் பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூடேறியது என்று பொருள், உங்களுடையது அதுவல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள், மலையில் கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாக நியூட்ரலில்தான் இறங்குகிறேன், ஒன்றும் ஆனதில்லை. பெட்ரோலும் மிச்சமாகிறது. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: கார்புரேட்டர் வண்டியில் சிறிது பெட்ரோல் மிச்சமாகலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எம்.பி.எஃப்.ஐ. (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். அங்கே உங்கள் கணக்கே தலைகீழ். எந்த வண்டியானாலும், எஞ்சின் தாங்க வேண்டிய சுமையை நியூட்ரலில் பிரேக் மட்டுமே தாங்குகிறது.

கேள்வி: அப்படியானால் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கினால் நிச்சயம் மிச்சம்தானே?

பதில்: பூஸ்டர் (எஞ்சின் வெற்றிடத்தால் மிதிப்பதை எளிதாக்கும் கருவி) உள்ள வண்டியில் சில மிதிகளுக்குப் பின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். இதைப் பற்றி இனி விவாதிக்க மாட்டேன்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போதே பெடல் கடினமாக இருந்தால் என்ன செய்வது?

பதில்: எஞ்சினை அணைத்துப் பலமுறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று உள்ளே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் முதலில் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸையும் அதிலுள்ள வால்வையும் பாருங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் கிடைக்காத இடத்தில் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. எல்லா ரப்பர்களும் வீங்கிக் கெட்டுவிடும்.

கேள்வி: என் பைக்கில் டிஸ்க் சத்தம் போடுகிறது.

பதில்: இருசக்கர வாகன மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெடல் கீழே போகிறது, இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறது. மாஸ்டர் சிலிண்டர் வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படித்துவிட்டு, பின்சக்கரத்தைக் கழற்றியபின் கேளுங்கள்.