கரையோரத் தடத்துக்கு எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நிலாவெளி வீதியில் வேன்களும் பஸ்களும் பறக்கிறபடியால், வாகனம் இல்லாத கரையோரத் தடங்களில் காலையில் சைக்கிள் ஓட விரும்புகிறேன். ஒல்லாந்தில் இருக்கும் என் பெரியப்பா மகன், ஹார்லெம் நகருக்குப் பக்கத்திலுள்ள கடற்கரை இயற்கைப் பூங்காவில் கிறவல் சைக்கிள் (பந்தயச் சைக்கிள்போல வளைந்த ஹேண்டிலும் அதைவிட அகலமான டயரும் கொண்டது) ஓடுகிறார். "யோசிக்காமல் அதையே வாங்கு" என்கிறார். கடையில் அதற்குச் சொல்லும் விலையில் பாதிக்கு மவுண்டன் சைக்கிள் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: உங்கள் அண்ணா சொல்வது அவர் ஓடும் நிலத்துக்குச் சரி. ஹார்லெம் பக்கம் என்றால் அது பெரும்பாலும் சாய்ட்-கெனமர்லாண்ட் தேசியப் பூங்காவாக இருக்கும். வட கடலோரம் நீளும் மணற்குன்றுகள் அவை. 2007இலிருந்து அங்கே ஒரு வேலியிட்ட பகுதியில் ஐரோப்பியக் காட்டெருமைகள்கூட மேய்கின்றன. ஆனால் சைக்கிள் மணலில் ஓடுவதில்லை. அதற்கென்று போட்ட பாதை இருக்கிறது. ஒல்லாந்து மணற்குன்றுகளில் உடைத்த சிப்பி ஓடுகளைப் பரப்பி இறுக்கிய பாதைகளும் உண்டு. அப்படியான இறுகிய தரையில் 38, 40 மில்லிமீற்றர் டயர் போட்ட கிறவல் சைக்கிள் அழகாகப் பறக்கும்.

திருகோணமலையில் அப்படிப் போட்டுத் தந்த பாதை கிடையாது. நீங்கள் ஓடப்போகும் நிலம் மூன்று விதம். நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளிப் பக்கத்து உள்வீதிகளில் இறுகிய கிறவல். பனை, தென்னை நிற்கும் காணிகளுக்கு நடுவே பொலபொலவென்ற மணல். களப்போரத்தில் கோடையில் கட்டாந்தரை, மாரியில் டயரை விடாமல் ஒட்டிக்கொள்ளும் சேறு. கிறவல் சைக்கிள் முதலாவதில் ராசா. இரண்டாவதில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மூன்றாவதில் சேறு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்துச் சில்லையே நிறுத்திவிடும்.

ஆகவே சைக்கிளின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம், எவ்வளவு அகலமான டயர் பிடிக்கும் என்று கேட்டு வாங்குங்கள். மணலில் உங்களைத் தாங்குவது டயரின் அகலமும் அதில் குறைவாக வைத்த காற்றும்தான். கிறவல் சைக்கிள்தான் வேண்டுமென்றால் 50 மில்லிமீற்றர் டயர் போகக்கூடியதை எடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாதி தூரமாவது மணல் தடம்போலத் தெரிகிறது. அப்படியானால் என் தெரிவு மவுண்டன் சைக்கிள்: 2.1 இஞ்சி டயர், அலுமினிய ஃபிரேம், முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் (முன்சில்லைப் பிடிக்கும் கவை). மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் பாரம் கூடியது. உப்புக்காற்றில் உள்ளுக்குள் கறள் பிடித்துக் கொஞ்சக் காலத்தில் அசைவதும் நின்றுவிடும். எங்கள் கரையோரத்தில் அது தேவைப்படும் அளவுக்குப் பள்ளமும் பாறையும் இல்லை.

கிறவல் சைக்கிளுக்கு ஒரு நியாயம் உண்டு. மணல் தடம் கொஞ்சம்தான், மிச்ச நாளெல்லாம் கன்னியா, திரியாய் என்று நீண்ட தூரம் போகப்போகிறீர்கள் என்றால் அது களைப்பைக் குறைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் வெட்டவெளியில் ஓடும்போது வளைந்த ஹேண்டிலைப் பிடித்துக் குனிய முடிவது பெரிய உதவி. அந்தப் பக்கம் பற்றைக்காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. விடிந்த பிறகு புறப்பட்டு, வெயில் சாய முன்னரே திரும்பிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் பிரேக்கை யோசித்து எடுங்கள். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காற்றுப் புகுந்தால் அதற்கான கருவியும் சரியான எண்ணெயும் வேண்டும். ஷிமானோ கனிம எண்ணெய் பாவிக்கிறது. வேறு சில கம்பனிகளின் பிரேக்குக்கு வாகனங்களுக்கு ஊற்றும் டொட் வகைப் பிரேக் எண்ணெய். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் சந்தியில் இருக்கும் சைக்கிள் கடையிலேயே கேபிள் மாற்றிவிடலாம். பக்கத்தில் பயிற்சியுள்ள திருத்துநர் இல்லாதவருக்கு நான் கேபிளைத்தான் சொல்வேன்.

டயர் அளவில் பலர் ஏமாறுகிறார்கள். கிறவல் சைக்கிளின் 700சி சில்லை ஐரோப்பாவில் 28 இஞ்சி என்றும் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பழைய பெரிய சைக்கிளுக்குப் போடும் டயரும் 28 இஞ்சிதான். ஆனால் முதலாவதன் ரிம் விட்டம் 622 மில்லிமீற்றர், இரண்டாவதன் ரிம் விட்டம் 635. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் 40-622 என்பதுபோல ஓர் இலக்கம் பொறித்திருக்கும்; முன்னது டயரின் அகலம், பின்னது ரிம் விட்டம். கடையில் இஞ்சியைச் சொல்லாமல் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். 29 இஞ்சி மவுண்டன் சைக்கிளின் ரிம்மும் 622தான், 27.5 இஞ்சி என்றால் 584. கிறவல் சைக்கிள் வாங்குவதானால் ஒரு மேலதிக டயரும் இரண்டு டியூப்பும் அதே நாளில் எடுத்து வைத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து வரும் வரை சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கக் கூடாது.

அப்புறம், கடற்கரை மணல்மேட்டில் ஏற்றி ஓடாதீர்கள். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. திரும்பத் திரும்பச் சில்லு ஏறினால் கொடி அறுந்து மணல் பறக்கத் தொடங்கும். ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மேல்மணலில்தான். கரைவலை இழுக்கும் நேரம் கயிறு கரைக்குக் குறுக்கே இறுகி நிற்கும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மீனவர்களின் வாடிகளைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது அவர்களின் தொழிலிடம். கடற்படையின் காணிகளுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயங்களுக்கும் அனுமதி கேட்காமல் நுழைய வேண்டாம். ஒல்லாந்திலும் எல்லா மணற்குன்றும் திறந்து கிடப்பதில்லை. உங்கள் அண்ணா ஓடும் பூங்காவுக்குத் தெற்கே, ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிநீர் எடுக்கும் மணற்குன்றுப் பகுதிக்குள் நடக்கலாம், சைக்கிள் ஓட முடியாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பெயின்ட் புதிதுபோல இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கிறவல் வீதிகளில் ஓட அது போதுமா?

பதில்: போதும், ஆனால் பெயின்ட்டை நம்ப வேண்டாம். புதிதாக அடித்த பெயின்ட் வெடிப்பையும் கறளையும் மறைக்கும். பெடல் பூட்டும் இடத்தையும் ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும் வெளிச்சத்தில் வைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழைபோல ஒரு கோடு தட்டுப்பட்டாலும் விட்டுவிடுங்கள். சீட் கம்பியை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படும்போது இரண்டும் இறுகி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். சில்லைத் தூக்கிச் சுற்றி ரிம் நேராக ஓடுகிறதா, உள்ளே கரகரக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபிரேம் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இலக்கம் இருந்தால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். களவுபோன சைக்கிளை வாங்கியவர் என்ற பேச்சு வராமல் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் துண்டுதான்.

பாவித்த சைக்கிளில் செயின், பல்சக்கரம், பிரேக் கட்டை, டயர் எல்லாம் தேய்ந்திருக்கும் என்றே கணக்குப் பாருங்கள். அவற்றை மாற்றும் செலவையும் கூட்டிய பிறகு புதுச் சைக்கிளின் விலைக்குக் கிட்ட வந்தால் புதியதையே எடுப்பது நல்லது.

கேள்வி: புதிதாக வாங்கிய கிறவல் சைக்கிளின் செயினும் ஆணிகளும் இரண்டு மாதத்துக்குள் கறள் பிடித்துவிட்டன. ஒரு வருட உத்தரவாதம் என்று சொல்லி விற்ற கடைக்காரர், "கறளுக்கு உத்தரவாதம் இல்லை, நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறீர்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உத்தரவாத அட்டையை வாசியுங்கள். சைக்கிள் உத்தரவாதம் பெரும்பாலும் ஃபிரேமின் உற்பத்திக் குறைபாட்டுக்குத்தான். செயின், டயர், பிரேக் கட்டை போன்ற தேய்மானப் பொருட்களையும் கறளையும் சிறிய எழுத்தில் விலக்கியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் செயினைப் பற்றி வாதாடிப் பலன் குறைவு. ஆனால் கறளைப் பற்றி அட்டையில் ஒரு சொல்லும் இல்லாமல், வாயால் "எல்லாத்துக்கும் ஒரு வருடம்" என்று சொல்லி விற்றிருந்தால், அல்லது கறள் பிடிக்காத ஸ்டீல் ஆணி என்று சொல்லிச் சாதாரண ஆணி பூட்டியிருந்தால், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கடைக்கு எழுத்தில் கொடுங்கள், படமும் வையுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம், தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்துவிட்டு நட்டஈடு, மாற்றுப்பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது. "அடுத்த கிழமை வாங்க" என்ற பேச்சுக்குக் காத்திராமல் இந்தக் கிழமையே எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கடையில் இப்போதே கேளுங்கள். கேட்பவருக்கு அதைக் கொடுப்பது வியாபாரியின் கடமை.

இனி வரும் கறளைத் தடுக்க, ஓடி வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். வாகனம் கழுவும் இடத்து அழுத்தக் குழாயை வைத்து அடிக்க வேண்டாம், உப்புத் தண்ணீரை அது பெயரிங்குகளுக்குள்ளேயே தள்ளிவிடும். பெடல், சீட் கம்பி, ஆணிகள் எல்லாவற்றையும் கழற்றிக் கிறீஸ் பூசிப் பூட்டச் சொல்லுங்கள். புதுச் சைக்கிளுக்கும் இதை முதல் நாளே செய்விப்பது நல்லது.

கேள்வி: நெருஞ்சி முள்ளால் ஒவ்வொரு முறையும் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. டியூப் இல்லாத டயருக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். உள்ளே ஊற்றும் பால்போன்ற திரவம் நெருஞ்சித் துளையை ஓடும்போதே அடைத்துவிடும். மணலில் காற்றைக் குறைத்து ஓடவும் வசதி. ஆனால் ரிம்மும் டயரும் அதற்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். எங்கள் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். அதற்கு நேரமில்லாதவர், சாதாரண டியூப்புக்குள்ளேயே அந்தத் திரவத்தை ஊற்றிப் பாவிக்கலாம். வால்வின் நடுத்தண்டு கழறும் டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஊற்ற வழியில்லை.