மரணதூதனின் கத்தியைப் பிடுங்கிய ரபி: கேள்வி பதில்

கேள்வி: ரபி, அதாவது யூத மதகுரு ஒருவர், எமனையே ஏமாற்றிவிட்டு உயிரோடு சொர்க்கத்துக்குள் குதித்தார் என்று ஓர் ஆங்கிலக் கதைப்பாடலில் படித்தேன். கவிஞர் கட்டிவிட்டதா சார்?

பதில்: இல்லை. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1863இல் வெளியிட்ட தொகுப்பில் வரும் பாடல் அது. விடுதியில் கூடியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்ல, இதைச் சொல்பவர் ஒரு ஸ்பானிய யூதர். கதை ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. யூதர்களின் பழைய சட்ட, மரபு நூலான பாபிலோனியத் தல்மூதிலேயே இருக்கிறது. நாயகர் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோசுவா பென் லேவி.

கேள்வி: மரணத்தை எப்படி ஏமாற்ற முடியும்?

பதில்: சாகும் நேரம் வந்தது. "சொர்க்கத்தில் என் இடத்தைக் காட்டு" என்றார். மரணதூதன் சரி என்றான். "வழியில் பயமாக இருக்கும், கத்தியை என்னிடம் கொடு" என்று அதையும் வாங்கிக்கொண்டார். தூக்கிக் காட்டியதும் அந்தப் பக்கம் ஒரே குதி! மேலாடையின் நுனிதான் தூதன் கையில் மிஞ்சியது. "வெளியே வரமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டார்.

கேள்வி: இது அழுகுணி ஆட்டம் இல்லையா?

பதில்: அதைக் கடவுளும் கேட்கிறார். யூதச் சட்டப்படி, செய்த சத்தியத்தை அறிஞரிடம் போய் நீக்கிக்கொள்ளலாம். இவர் வாழ்நாளில் ஒருமுறையாவது அப்படி நீக்கிக்கொண்டிருந்தால் திரும்பிப் போகட்டும், இல்லாவிட்டால் இருக்கட்டும் என்பது தீர்ப்பு. மனிதர் ஒருமுறைகூடப் போனதில்லை! எனக்கு மொத்தக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். பாடலில் இது "எப்போதாவது சத்தியத்தை மீறினானா?" என்று சுருங்கிவிடுகிறது.

கேள்வி: கத்தி என்ன ஆயிற்று?

பதில்: தல்மூதில் ரபி தர மறுக்கிறார். "கொடுத்துவிடு, படைப்புகளுக்கு அது வேண்டும்" என்று வானிலிருந்து குரல் வருகிறது. லாங்ஃபெலோவிடம் கத்தி வாளாகிறது. இனி மனிதர் கண்ணில் அது படக்கூடாது என்று தூதனிடம் சத்தியம் வாங்கிய பிறகே ரபி தருகிறார். அன்று முதல் மரணம் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் "படைப்புகளுக்கு அது வேண்டும்" என்பதை விட்டுவிட்டாரே!

கேள்வி: அப்புறம் வேறு யாரும் இதே வித்தையைக் காட்டவில்லையா?

பதில்: ரபி ஹனீனா பார் பாப்பா கத்தியைக் கேட்டுப் பார்த்தார். தூதன் சூடு கண்ட பூனை. "உம்முடைய நண்பர் செய்ததையே செய்யப் பார்க்கிறீரா?" என்று கேட்டுவிட்டான்.