அல்லி, பாண்டியன், ஏழு கிலோ

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் நடக்கும் நாவல் ஒன்றைப் போகிற வழியில் வாசிப்பது என் வழக்கம். அடுத்த மாதம் முதல் முறையாகப் பினாங்குக்கு வருகிறேன். எடை குறைவான நாவலாக ஒன்று சொல்லுங்களேன்.
வாசகர் ஒருவர், மதுரை

பதில்: எடை என்றால் காகிதத்தின் எடையா, எழுத்தின் எடையா? எழுத்தின் எடைதான் குறைய வேண்டுமென்றால் நீங்கள் கடல் தாண்டிக் கேட்டிருக்கவே வேண்டாம். மதிப்புரைக்கு வந்த நாவல்கள் என் மேசைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. நான்கைத் தூக்கிப் போட்டாலும் தராசு முள் அசையாது. மலிவு விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் என்பதால் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் தாத்தாவுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். ஒரு தகர டிரங்குப் பெட்டி. அடியில் இரண்டு வேட்டி, மேலே கருவாட்டுப் பொட்டலம், நடுவே பெரிய எழுத்து 'அல்லி அரசாணி மாலை'. நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கருவாட்டு வாசம். சில தாள்களில் எண்ணெய் இறங்கி, பின்பக்கத்து வரிகள் முன்பக்கத்தில் தலைகீழாகத் தெரியும். போகிற ஊரைப் பற்றி எந்த நாவல் இருக்கிறது என்று தாத்தா யாரிடமும் விசாரிக்கவில்லை. விட்டு வந்த ஊரின் கதையைத்தான் கையோடு கொண்டுவந்தார். அல்லி எந்த ஊர் ராணி என்று மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்கூட்டியே வாசித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். தமிழ்நாட்டிலிருந்து வந்து எட்டு நாள் தங்கிவிட்டுப் பதினாறு வாரம் பயணத் தொடர் எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். (அவர்களும் திருந்தவில்லை, நானும் திருந்தவில்லை.) அதில் ஒருவர், பெயர் வேண்டாம், பினாங்கைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். தண்ணீர்மலை முருகன், தைப்பூசம், காவடி எல்லாம் அத்துப்படி. அவரை ஒரு நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப்போனோம். பெயர்ப்பலகையைப் பார்த்தார், பரவசமாகிவிட்டார். தொடரில் எழுதியும் விட்டார்: நாசி என்றால் சோறு, கண்டார் என்பது கந்தர், ஆக இது கந்தனுக்குப் படைத்த சோறாகத் தொடங்கியது! விற்பவர்கள் தமிழ் முஸ்லிம்கள் என்பது அவரைத் தடுக்கவில்லை. அதையும் மத நல்லிணக்கக் கணக்கில் வரவு வைத்துவிட்டார்.

அந்த இதழை எடுத்துப்போய்க் கடை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். யாருக்கோ குவா பஞ்சிர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதாவது, இருக்கிற குழம்பையெல்லாம் சோற்றின் மேல் வெள்ளமாக விடுவது. கடைசிக் கரண்டி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்குக் காசு குடுத்தாரா, அரோகரா சொல்லிட்டுப் போயிட்டாரா?" என்றார். காசு நாங்கள்தான் கொடுத்தோம்.

மலாயில் கண்டார் என்பது சுமை தூக்கும் தோள்தடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தெருத்தெருவாக நடந்து விற்ற சாப்பாடு அது. சரி, இரு பக்கமும் பாரம் தொங்கும் தோள்தடிக்கு நம் மொழியில் என்ன பெயர்? காவடி. யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் தப்பான படிக்கட்டில் ஏறிச் சரியான மலைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். இது எனக்கு உறைத்த நாளிலிருந்து அவரை முன்போலத் திட்ட முடிவதில்லை. பெரிய நஷ்டம்.

நாவலுக்கு வருகிறேன். ஆங்கிலம் பரவாயில்லை என்றால், ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1921-இல் மலாயாவுக்கு வந்து துரைமார் வீட்டு வம்புகளைக் காது கொடுத்துக் கேட்டு, பிற்பாடு கதையாக்கினார். அந்தப் பயணத்தையே கற்பனையில் விரித்து, பினாங்கில் பிறந்த டான் துவான் எங் 2023-இல் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' எழுதினார். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் தோள்தடிக்காரன் எவ்வளவு தெரிவானோ, அவ்வளவுதான் தெரிவான்.

தமிழில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் சுமத்ராவிலுள்ள மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவல் அச்சில் வந்தது 1972-இல். ஜப்பான்காரன் காலத்தில் நாவலின் நாயகன் பாண்டியன் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறி, மலாக்கா நீரிணையைக் கடந்து, புயலில் சிக்கிப் பினாங்கு வந்து சேர்கிறான். அந்தப் புயலை மட்டும் விமானத்தில் வாசிக்காதீர்கள். லேசாகக் குலுங்கினாலும் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துவிடுவீர்கள்.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பாண்டியன் எங்கே போனாலும் மதுரையும் பின்னாலேயே வரும். மேடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டிருப்பான். பினாங்குக்காக வாங்கிய புத்தகத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நிற்பீர்கள். நான் அதை வாசித்துவிட்டுத்தான் முதன்முதலாக மதுரைக்குப் போனேன். நாள் முழுக்க மாசி வீதிகளில் பாண்டியனைத் தேடி நடந்ததில் செருப்பு அறுந்தது. தைத்துக் கொடுத்தவரிடம் நாவலைப் பற்றி வேறு விசாரித்தேன். ஆமாம், உங்கள் வழக்கம்தான் எனக்கும். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அதனால் சிங்காரத்தை வீட்டிலேயே வாசித்து முடித்துவிட்டு, பையில் இடம் விட்டு வாருங்கள். பினாங்கு சாலையில் சௌரஸ்தா சந்தை இருக்கிறது. கீழே ஜாதிக்காய் ஊறுகாய், மாடியில் பழைய புத்தகக் கடைகள். 7 கிலோ திரும்பும்போதுதான் தேவைப்படும்.

வரும்போது ஒரே ஒரு உதவி. உங்கள் பக்கம் 'அல்லி அரசாணி மாலை' பெரிய எழுத்தில் கிடைத்தால் எனக்கு ஒன்று. தாத்தாவின் பிரதியை என் சித்தி, பழைய பேப்பர் வாங்க வரும் 'பேப்பர் லாமா' லாரிக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிட்டார். கருவாடு வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.