கிளப் ஹாக்கியா, வார்சிட்டியா: தரத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: மகன் 12ஆம் வகுப்பு. 18 வயதுக்குட்பட்டோர் டபுள் ஏ அணியில் (உச்ச மட்டமான டிரிபிள் ஏவுக்கு அடுத்த படி) டிஃபென்ஸ் ஆடுகிறான். அவன் சேர நினைக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐஸ் ஹாக்கிக்குக் கிளப் அணி மட்டும்தான். வார்சிட்டியோடு, அதாவது பல்கலைக்கழகமே நடத்தும் அதிகாரபூர்வ அணியோடு, ஒப்பிட்டால் தரம் எப்படி இருக்கும்?

பதில்: எந்தக் கிளப் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கிளப் அணிகளில் பெரும்பாலானவை ஏசிஎச்ஏ என்ற கல்லூரிக் கிளப் ஹாக்கி அமைப்பின் கீழ் ஆடுகின்றன. ஆண்களுக்கு அதில் மூன்று டிவிஷன்கள். முதல் டிவிஷனின் உச்சியிலுள்ள அணிகள், வார்சிட்டி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் 3 அணிகள் பலவற்றுக்கு ஈடுகொடுக்கும். மூன்றாவது டிவிஷனின் கடைசி வரிசையிலோ, நல்ல பள்ளி அணியைவிடச் சற்று மேலான ஆட்டம்தான். ஏசிஎச்ஏ டிவிஷன் 1ஐ, வார்சிட்டியின் உச்ச மட்டமான என்சிஏஏ டிவிஷன் 1 என்று நினைத்து ஏமாறும் பெற்றோர் நிறைய. இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம்.

என்சிஏஏ டிவிஷன் 1இல் முதலாண்டு வீரர்கள் பலர் பள்ளி முடித்து ஓரிரு ஆண்டு ஜூனியர் லீக்கில் (சுமார் 20 வயது வரையிலானோருக்கான போட்டித் தொடர்) ஆடிவிட்டு, 19, 20 வயதில் வருகிறார்கள். 2025-26 முதல் கனடாவின் உச்ச ஜூனியர் லீக்குகளான மேஜர் ஜூனியரில் ஆடிய வீரர்களுக்கும் கதவு திறந்துவிட்டதால் போட்டி இன்னும் கடுமை. டபுள் ஏயிலிருந்து நேராக அங்கே போவது அநேகமாக நடக்காது.

கிளப்புக்கும் வார்சிட்டிக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் தெரிவது முதல் லைனில் (சேர்ந்து களமிறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) அல்ல. நல்ல கிளப்பின் முதல் லைன் யாரோடும் ஓடும். மூன்றாவது லைனும் கடைசி டிஃபென்ஸ் ஜோடியும்தான் தடுமாறும். உங்கள் மகனின் இடத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்: பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எடுத்துத் திரும்புவதற்குள் ஃபோர்செக் வந்துவிடும், அதாவது அதைப் பறிக்க எதிரணி நெருக்கிவிடும். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கைத் தொடும் பழக்கம் இப்போதே வர வேண்டும்.

கிளப் அணி வார்சிட்டியாக உயர்வதும் உண்டு. கிளப் பட்டத்தை ஏழு முறை வென்ற பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், 2012-13இல் என்சிஏஏ டிவிஷன் 1க்கு ஏறி, 2025இல் தேசியப் போட்டியின் அரையிறுதி வரை வந்தது. ஆனால் அதற்கு அங்கே படித்த தொழிலதிபர் டெர்ரி பெகுலாவின் பெரும் நன்கொடையும் புது அரங்கும் தேவைப்பட்டன. கிளப்பில் அந்தப் பணம் கிடையாது. ஐஸ் நேரம், பயணம், ஜெர்சி எல்லாவற்றுக்கும் வீரர்களே சந்தா கட்டுவார்கள். வலுவான அணிகளில் அது ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள், சில இடங்களில் இரவு பத்து மணிக்குமேல். மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு இருந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

அணியின் இணையதளத்தில் வீரர் பட்டியலைத் திறந்து, முன்பு ஆடிய அணி என்ற நெடுவரிசையைப் பாருங்கள். பெரும்பாலானோர் ஜூனியர் லீக்கிலிருந்து வந்திருந்தால் டபுள் ஏ வீரனுக்கு இடம் கிடைப்பது சிரமம். பள்ளி, டபுள் ஏ அணிகளின் பெயர்கள் கலந்திருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. செப்டம்பரில் நடக்கும் அணித் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தக் குளிர்காலத்திலேயே முழு ஷிஃப்ட்கள் (களத்தில் இறங்கியது முதல் வெளியேறும் வரையிலான ஆட்டம்) உள்ள வீடியோவோடு பயிற்சியாளருக்கு எழுதச் சொல்லுங்கள். கோல் தொகுப்பை வைத்து டிஃபென்ஸ்மேனை மதிப்பிட முடியாது. வரும் வசந்தத்தில் எத்தனை டிஃபென்ஸ்மேன்கள் பட்டம் பெற்றுப் போகிறார்கள், அந்த இடங்களில் எத்தனைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அந்தக் கடிதத்திலேயே கேட்கட்டும்.